சனிக்கிழமைப் பதிலாட்கள்

வியாழக்கிழமைகளில் மட்டும் எங்கள் அப்பா ஒரு பெரிய மனிதர். மற்ற நாட்களில் பலெர்மோவின் அடுக்குமாடி வீடுகளில் படி துடைப்பவர். இந்த நகரத்தில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு. அது இத்தாலியர்களுடைய பழைய வழக்கம். அந்த ஒரு பின்னேரத்தை வைத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் ஒரு உதைபந்தாட்டப் போட்டியையே நடத்திவந்தார்கள். ஒரேத்தோ ஆற்றுப் பக்கத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் மைதானம் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு இரண்டு அணி, மன்னார்க்காரருக்கு ஒன்று, தீவாருக்கு ஒன்று. எங்கள் அணிக்கு அப்பாதான் தலைவர், பயிற்சியாளர், சட்டை தோய்க்கக் கொண்டுபோகிறவர் எல்லாம்.

வியாழக்கிழமை ஆட்டத்துக்கு எழுதாத சட்டங்கள் சில உண்டு. ஓர் அணிக்கு ஆள் குறைந்தால் எதிரணி தன்னிடம் மிஞ்சியவரைத் தந்துதவும். இடைவேளையில் இரண்டு அணியும் ஒரே பெட்டியிலிருந்து ரோல்ஸ் எடுத்துச் சாப்பிடும். காலுக்குக் குறுக்கே சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பது மட்டும் கூடவே கூடாது. ஒருவருக்கு முழங்கால் போனால் வெள்ளிக்கிழமை காலையில் யார் போய் ஐந்து மாடி ஏறித் துடைப்பது? எதிரே பந்தோடு ஒருவர் வேகமாக வந்தால் எங்கள் ஆட்கள் மரியாதையாக விலகி வழிவிட்டு, பிறகு பின்னால் ஓடிப்போவார்கள். உதைபந்தாட்டம் என்றால் அப்படித்தான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அணியில் கோல் அடிப்பவர் சித்தப்பா. அப்பாவின் கடைசித் தம்பி. படுக்கையில் கிடந்த ஒரு முதியவளைப் பார்த்துக்கொண்டு, அந்த வீட்டிலேயே தங்கி வேலை செய்தார். முதியவளின் மகள்தான் வேலை கொடுத்த சீனியோரா, வீட்டு எசமானி. சித்தப்பாவுக்கு அந்த வேலையும் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியும் ஒன்றுதான். வேலைக் கடதாசியைக் காட்டினால்தான் குவெஸ்தூராவில், பொலிஸ் தலைமையகத்தில், பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிப்பார்கள். வேலை போனால் அதுவும் போகும். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், பள்ளிக்கூடத்தில் ஆறுகளின் பெயர்கள் தெரிந்திருந்த அளவுக்கு. அப்போது எனக்கு எட்டு வயது.

மூன்று வருடம் தொடர்ந்து வென்றால் யாருக்கும் கொஞ்சம் தலை கனக்கும். அப்பாவுக்கு நன்றாகவே கனத்தது. மூன்றாவது கோப்பையைக் கையில் வாங்கியதும், அடுத்த முறை இத்தாலிக்காரருடைய லீக்கில் சேரப்போகிறோம் என்று அந்த இடத்திலேயே அறிவித்துவிட்டார். இத்தாலிக்காரருக்கு அது ஆகக் கீழ்ப்படி. எங்களுக்கு அண்ணாந்து பார்க்கவேண்டிய உயரம். ஆட்டங்கள் எல்லாம் சனிக்கிழமை மத்தியானம் நடக்கும் என்பதைக் கேட்டு, மன்னார் அணித் தலைவர் ஒருவர்தான் வாயைத் திறந்தார்.

"சனிக்கிழமை சீனியோராமார் விடுவினமோ?"

"ஆளுக்கொருத்தரைப் பதிலுக்கு விட்டால் சரிதானே," என்றார் அப்பா. "இஞ்சையே சுத்திச் சுத்தி எங்களை நாங்களே வெண்டு என்ன கண்டம்?"

பதிலுக்கு விடுவது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை. ஊருக்குப் போவதானாலும் சரி, பிள்ளை பிறந்தாலும் சரி, வேலையை வெறுமையாக விட்டுப் போகமுடியாது. நம்பிக்கையான ஒருவரை அந்த வீட்டில் நிறுத்திவிட்டுத்தான் போவார்கள். பதிலுக்கு நின்றவர் அங்கேயே ஊன்றிக்கொள்ள, திரும்பி வந்தவர் நடுத்தெருவில் நின்ற கதைகளும் உண்டு. பிறகு அந்த இரண்டு குடும்பமும் கீரியும் பாம்புமாகிவிடும். ஆனால் அதெல்லாம் மற்றவர்களுக்கு நடப்பது.

ஆகவே, சனிக்கிழமை வந்தால் பதினொரு ஆண்கள் இரண்டு வான் வண்டிகளில் ஏறி மலைப்பக்கத்து ஊர்களுக்கு விளையாடப் போனார்கள். அவர்களுடைய மனைவிமாரும் தங்கைமாரும் தங்கள் சொந்த வேலையை முடித்துக்கொண்டு, இவர்கள் விட்டுப்போன வீடுகளுக்குச் சட்டி கழுவப் போனார்கள். சித்தப்பா கலியாணம் கட்டாதவர். அவருக்குப் பதிலாக அம்மா போனார். என்னை வீட்டில் தனியே விடமுடியாது என்பதால் ஒரு சனி அப்பாவோடும் ஒரு சனி அம்மாவோடும் போனேன்.

முதலாவது ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். காற்று ஊளையிடுகிற ஒரு மலையூர். எதிரணியில் எல்லோரும் இருபது வயதுப் பெடியன்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பெடியன்கள் சறுக்கி விழுந்து பந்தைப் பறித்தார்கள், தோளால் இடித்தார்கள், விழுந்தவனைத் தாண்டிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் ஆட்கள் வழக்கப்படி விலகி வழிவிட்டார்கள். ஒன்பது கோல் வாங்கினோம். வானில் திரும்பி வரும்போது அப்பா காரணம் கண்டுபிடித்துச் சொன்னார்: "உவங்களுக்கு முழங்கால் போனாலும் வேலை போகாது. அதுதான் உப்பிடி விழுறாங்கள்."

இன்னொரு சனிக்கிழமை எங்களுக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள். இரண்டு சீனியோராமார் பதிலாளை ஏற்க மறுத்துவிட்டார்கள். மைதான ஓரத்தில் எதிரணி வாங்கில் ஐந்தாறு பெடியன்கள் சும்மா குந்தியிருந்தார்கள். அப்பா நேரே அவர்களுடைய பயிற்சியாளரிடம் போய், இரண்டு பேரைத் தாருங்கள் என்று பணிவாகக் கேட்டார். பயிற்சியாளர் அதைப் பகிடி என்று நினைத்து அப்பாவின் முதுகில் தட்டிச் சிரித்தார். அப்பா சிரிக்காததைக் கண்டதும் நடுவரைப் பார்த்தார். நடுவர் அப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார். திரும்பி வந்த அப்பா, "தரமாட்டினமாம்," என்றார். பக்கத்து வீட்டில் சீனி கேட்டு இல்லையென்று வந்தவரைப்போல நின்றார். வாங்கில் இருந்த பெடியன்கள் இன்னமும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அன்றும் தோற்றோம்.

தோல்வி பழகிப்போனது. இடைவேளையில் எதிரணிக்கும் சேர்த்து ரோல்ஸ் கட்டிக் கொடுப்பதைப் பெண்கள் நிறுத்தினார்கள். ஆட்கள் ஒவ்வொருவராக, முதுகு நோகிறது, சீனியோராவுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்று கழன்றார்கள். சித்தப்பா மட்டும் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. அடித்த ஒன்றிரண்டு கோல்களும் அவர் அடித்தவைதான். "ஒரு மாட்ச் எண்டாலும் வெண்டு காட்டவேணும் அண்ணை," என்பார். அப்பா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வரை உயிரோடு இருந்தார்.

அம்மாவோடு போகிற சனிக்கிழமைகள் வேறு விதம். இருட்டான பெரிய வீடு, மருந்து மணம், மூலையில் சத்தம் குறைத்த தொலைக்காட்சி. எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய அம்மாவுக்குத் தெரியாது. பதிலுக்கு வந்தவர் பதிலுக்கு வந்தவராக இருந்திருக்கலாம். அம்மா முதியவளைக் குளிக்கவார்த்துச் சீப்பால் தலை இழுத்துவிட்டார். நகம் வெட்டினார். யன்னல் சீலைகளைக் கழற்றித் தோய்த்தார். முதியவளுக்குத் தடிமன் பிடித்தபோது, பல்லரோச் சந்தைப்பக்கத்து எங்கள் ஆட்களின் கடையில் மிளகு வாங்கி ரசம் வைத்துக் கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் இருமி, கண்ணீர் வடித்த முதியவள், இன்னும் வேண்டும் என்று கிண்ணத்தை நீட்டினாள். பிறகு செவ்வாயிலும் புதனிலும்கூட, சனிக்கிழமைப் பெண் எங்கே என்று சித்தப்பாவிடம் கேட்டாளாம். சித்தப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

மாரி முடிகிற நேரத்தில் ஒரு சனிக்கிழமை, நானும் அம்மாவும் அங்கே நிற்க, சீனியோரா வந்தாள். தாயாரின் தலையைத் தடவிப் பார்த்தாள், படுக்கை விரிப்பைப் பார்த்தாள், குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினாள். என் தாயாரைக் கழுவித் துடைக்க ஒரு பெண்தான் சரி, ஆம்பிளைக்கு அது எங்கே வரும், அதுவும் சனிக்கிழமைகளில் ஓடிவிடுகிற ஆம்பிளைக்கு, என்றாள். இந்த மாதத்தோடு அவனை நிறுத்துகிறேன். நீ இஞ்சையே தங்கி வேலை செய். நீ மாட்டேன் என்றால் வேறொரு பெண்ணைத் தேடுவேன், ஆனால் அவன் வேண்டாம்.

அம்மா என்னைப் பார்த்து, "எனக்கு விளங்கேல்லை எண்டு சொல்லு," என்றார்.

டொக்டரிடமும் கடையிலும் அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்வது எனக்கு ஒரு பெருமை. "அம்மா, இனி ஒவ்வொருநாளும் நீங்கள்தானாம் வரவேணும். நீங்கள்தான் நல்லாச் செய்யிறீங்களாம். சித்தப்பா வேண்டாமாம்," என்றேன். அம்மா பேசாமல் நின்றார். என் தமிழும் விளங்கவில்லையாக்கும் என்று எண்ணி இன்னும் சத்தமாகத் திரும்பச் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று சீனியோராவுக்கு நேரடியாக, ஒரு பிழையும் இல்லாத இத்தாலியனில் சொன்னார்.

சீனியோரா வெளிக்கிட்டுப் போய்க் கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது. அப்பாவின் குரல் எனக்கும் கேட்டது. வென்றுவிட்டார்கள். இரண்டுக்கு ஒன்று. இரண்டும் சித்தப்பா அடித்த கோல். பின்னால் ஆட்கள் பாட்டுப் பாடினார்கள். நான் துள்ளிக் குதித்தேன். அம்மா "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபோனைப் பைக்குள் வைத்தார்.

பின்னேரம் எல்லோரும் சேற்றோடு வீட்டுக்குள் வந்தார்கள். அப்பா வாசலிலிருந்தே கதை சொல்லிக்கொண்டு வந்தார். சித்தப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றி ஓடினார். அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்ததை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. மற்றவர்கள் போனதும் அம்மா அவருக்குச் சோறு போட்டார். இருந்த மீன் முழுவதையும் அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். அவர் பாதி சாப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, சீனியோரா உங்களை நிப்பாட்டப் போறாவாம். என்னை வரச் சொல்லுறா."

சித்தப்பா சாப்பாட்டை மென்றபடியே இருந்தார். "நீங்கள் என்ன சொன்னீங்கள் அண்ணி?"

"ஒண்டும் சொல்லேல்லை. உங்களைக் கேக்காமல் என்னெண்டு சொல்லுறது?"

அப்பா சேற்றுச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் திணித்தார். பிறகு, "எப்பிடியும் போற வேலை. வெளியாலை போகாமல் எங்கடை வீட்டுக்கை நிண்டால் நல்லதுதானே," என்றார். நியாயமான பேச்சுத்தான். ஆனாலும் அதைச் சொன்னவரை அன்று எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்று தெரியாமலே.

சித்தப்பா கை கழுவிவிட்டு வந்தார். "வேலையை எடுங்கோ அண்ணி. அந்த வயசான மனிசி இரவிலை தண்ணி கேக்கும். பக்கத்திலை வைச்சிட்டுப் படுங்கோ." அதற்குமேல் அதைப்பற்றி அவர் எங்கள் வீட்டில் கதைக்கவில்லை.

அம்மா அந்த வீட்டுக்குத் தங்கி வேலை செய்யப் போனார். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் மட்டும் எங்களிடம் வந்தார். சித்தப்பா இரண்டு மாதம் எங்கள் வீட்டுச் சோபாவில் படுத்து வேலை தேடினார். கடதாசியோடு கிடைக்கிற வேலை ஒன்றும் அமையவில்லை. அம்மா வருகிற நாட்களில் அவர் எப்படியாவது வெளியே போக ஒரு காரணம் வைத்திருந்தார். அணி லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. அடுத்த வருடம் வியாழக்கிழமைப் போட்டிக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். அதற்குள் எங்கள் அணி ஆட்கள் சறுக்கி விழப் பழகியிருந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே ஒரு மன்னார்க்காரருக்கு முழங்கால் போய், அவர் வேலைக்குப் போகாமல் கிடந்தார். அதன்பிறகு எங்களோடு விளையாட ஒருவரும் விரும்பவில்லை. அப்பா சட்டைகளை மடித்து அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டார்.

சித்தப்பா இத்தாலியின் வடக்கே போனது ஒரு வியாழக்கிழமை. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் அப்பாவும் நானும் நின்றோம். சித்தப்பா ஏன் போகிறார் என்று நான் விடாமல் கேட்க, அப்பா பெட்டியைத் தூக்கி ரயிலுக்குள் வைத்துவிட்டு, "மேலை பெரிய லீக் ஒண்டிலை விளையாடக் கூப்பிட்டிருக்கினம்," என்றார். சித்தப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஓம்," என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடம் முழுவதும் அதைச் சொல்லித் திரிந்தேன். எந்த அணி என்று கேட்டவர்களுக்கு, அது இரகசியம் என்றேன். அதற்குப் பிறகு சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் எடுப்பார். எத்தனை கோல் என்று நான் கேட்பேன். ஒருமுறை ஒன்று என்பார், ஒருமுறை இரண்டு, ஒருமுறை கால் நோவென்று விளையாடவில்லை என்பார். அவர் ஓர் உணவகத்தின் பின்கட்டில் கடதாசி இல்லாமல் கோப்பை கழுவினார் என்பதும், அந்த ஊரில் ஒருநாளும் பந்தைத் தொட்டதில்லை என்பதும் நான் வளர்ந்தபிறகு அறிந்தவை.

கோல் கணக்கைக் கேட்டதும் குசினிக்குக் கேட்கும்படி கத்துவேன். ஞாயிறென்றபடியால் அம்மா வீட்டில் நிற்பார். "நல்லது," என்பார். ஒருநாள் ஓடிப்போய், நீங்களே கேளுங்கோ என்று ஃபோனை நீட்டினேன். அம்மா பின்னால் தள்ளி நின்று, கை ஈரம் என்றார். அவருடைய கைகள் காய்ந்துதான் இருந்தன. ஃபோனுக்குள் சித்தப்பா, "அண்ணி நிக்கிறாவோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா தலையை ஆட்டி, இல்லையென்று சொல்லச் சொன்னார். இத்தனை கோல் அடிக்கிற ஒருவரோடு கதைக்க அம்மாவுக்கு ஏன் பயம் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.