மணமேல்குடி பஸ்ஸில் சன்னல் சீட்டு

சென்னையிலிருந்து மணமேல்குடி போகப் பேரன் போனில் பஸ் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தான். "சன்னல் சீட்டா தாத்தா?" என்றான். சட்டென்று என் மூக்கில் மீன் கவிச்சி ஏறியது.

எனக்கு எட்டு வயது இருக்கும். சித்தப்பாவுக்குப் பெண் பார்க்க இலுப்பூரிலிருந்து கிளம்பினோம். புதுக்கோட்டைக்கு ஒரு பஸ், அறந்தாங்கிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கடற்கரையிலிருக்கும் மணமேல்குடிக்கு இன்னொன்று. அந்த மூன்றாவது பஸ்ஸில் சனங்கள் நடுவில் நெருக்கியடித்து நின்றார்கள். சன்னலோரம் மட்டும் காலியாகக் கிடந்தது.

"பாத்தியா, வெளியூர்க்காரங்கன்னு நமக்கு எடம் விட்டிருக்காங்க," என்று அப்பா பெருமையாக உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு சித்தப்பாவும் உட்கார்ந்தார்.

சந்தையில் மீன் விற்றுத் திரும்புகிறவர்களின் கூடைகளெல்லாம் பஸ்ஸின் கூரையில் இருந்தன. வண்டி குலுங்கக் குலுங்க, கூடைகளில் மிச்சமிருந்த மீன்தண்ணீர் சன்னல் வழியே எங்கள் மேல் சொட்டியது. நகர்ந்து நிற்கக்கூட இடமில்லை.

பெண் வீட்டுக்குள் நுழைந்ததுமே பெண்ணின் அப்பா மூக்கைச் சுளித்தார். "சன்னலோரமா உக்காந்து வந்தீங்களாக்கும்?"

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்க அடக்க அது பெரிதானது. என் அப்பாவின் முகம் சிவந்துவிட்டது.

"போதும், கெளம்புவோம்."

சித்தப்பா அசையவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு, "நீங்க போங்கண்ணே. நான் காப்பி குடிச்சிட்டு வாரேன்," என்றார்.

"நடுவுல போடுடா," என்றேன் பேரனிடம்.

அன்று கதவுக்குப் பின்னால் சிரித்த சித்தி, எண்பதைத் தாண்டியவள், கட்டிலிலிருந்து குரல் கொடுத்தாள். "எனக்குச் சன்னல்தான்ப்பா வேணும். அதுல வந்தவருதான் ஒன் சின்னத் தாத்தா."