புகையிலைப் பேணிக்குள் ஒரு புரட்சிக் காசு

அந்தத் தாள்காசில் புகையிலை மணந்தது. கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர், கீழ்த்தளத்தில் தனியாக வாழ்ந்த பிரெஞ்சுக் கிழவர், எங்கள் ஹீட்டரில் அடைபட்டிருந்த காற்றைத் திறந்துவிட வந்த ஒரு மாசிமாதப் பின்னேரம், அம்மா கொடுத்த தேநீருக்குப் பதில் மரியாதையாகத் தன் புகையிலை வைக்கும் தகரப் “பேணி”யைக் கொண்டுவந்து, அதிலிருந்து உள்ளங்கை அளவான தடித்த தாளொன்றை எடுத்து மேசையில் வைத்தார். இருநூறு வருடங்களுக்கு முன்னர் அமெரிக்கப் புரட்சிப் படை இந்த நகரத்தைப் பிடித்து வைத்திருந்தபோது, அவருடைய முன்னோரிடம் கோதுமை வாங்கிவிட்டுக் கொடுத்த காசு அது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவள் நான் ஒருத்திதான்; கிழவர் சொல்லச் சொல்ல அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

எங்களிடமும் அப்படியொரு தாள் இருந்தது. ஊரை விட்டு வெளிக்கிடுவதற்கு முன்னர் போராட்டச் செலவுக்கென்று அம்மாவின் தாலிக்கொடியை வாங்கிக்கொண்ட இயக்கப் பொடியன்கள், ஒரு வருடத்தில் திருப்பித் தருவோம் என்று முத்திரை குத்திக் கொடுத்த “துண்டு” அது. சாமிப்படத்தின் பின்னால் அம்மா அதைச் செருகி வைத்திருந்தார். உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வரும் அப்பா, “இஞ்சேரும், உம்மட துண்டைக் காட்டினால் புரோசார்டில மாடிவீடு தருவாங்கள்” என்று, வசதியானவர்கள் குடியிருக்கும் பக்கத்தைச் சொல்லி நக்கலடிப்பார். அம்மா சிரிக்கமாட்டார். யாழ்ப்பாணத்தில் அகப்பட்டுக் கிடந்த தன் தம்பியை, என் சின்ன மாமாவை, இங்கே எடுப்பிக்க அவரிடம் இருந்த ஒரே வழி அந்தக் கொடிதான்.

அம்மா கிழவரின் தாளை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கேள் பிள்ளை, பேந்து இதுக்குக் காசு குடுத்தவையாமோ?”

கேட்டேன். கிழவர் இருமி இருமிச் சிரித்தார். படை பின்வாங்கி ஓடிவிட்டதாம், ஒரு சதமும் வரவில்லையாம், அடுப்பில் போடப் போன தாளை அந்த முன்னோரின் பெண்சாதி பறித்து வைத்தாளாம். அவருடைய சிரிப்பைப் பார்த்து, நல்ல செய்திதான் என்று எண்ணி, அம்மாவும் சிரிக்கத் தொடங்கினார். இந்த நாட்டுக்கு வந்தபின் அவர் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

“ஓம் அம்மா,” என்றேன். “முழுக்கக் குடுத்தவையாம். நினைவுக்கு ஒண்டை மட்டும் வைச்சிருக்கிறாராம்.”

அந்தக் கிழமையே அம்மா, துண்டைக் காட்டிக் கொடியை வாங்கி விற்றுவிட்டு வெளிக்கிடும்படி மாமாவுக்கு எழுதி, துண்டையும் உறைக்குள் வைத்து ஒட்டினார். மெட்ரோ வாசலில் இருந்த தபால் பெட்டியில் அதைப் போட்டது நான்தான். பாதி உள்ளே போன பிறகும் உறையின் நுனியை விடாமல் பிடித்திருந்தேன்.

“விடு பிள்ளை, குளிருது” என்றார் அம்மா. விட்டேன்.

துண்டோடு போன மாமாவை வழியில் இராணுவம் மறித்ததாகவும், சட்டைப்பையில் இயக்கத்தின் முத்திரையைக் கண்டு ட்ரக்கில் ஏற்றியதாகவும் அயலவர் ஒருவர் எழுதினார். அதற்குப் பிறகு மாமாவைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை.

கிழவர் எப்போதோ காலமாகிவிட்டார். அந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள். பேணி யாருடைய கைக்குப் போனதோ தெரியாது. இன்று என் மகள் டாக்டரின் பிரெஞ்சை அம்மாவுக்குத் தமிழில் சொல்லும்போது, ஒவ்வொரு சொல்லுக்கும் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன கிழமை, யன்னலோரம் இருந்த அம்மா திடீரென்று கேட்டார்: “அந்தக் கிழவன்ர ஆக்களுக்குக் குடுத்தவங்கள்தானே. தம்பி மட்டும் அங்க போய்ச் சேர்ந்திருந்தால் எங்களுக்கும் குடுத்திருப்பாங்கள், என்ன பிள்ளை?”

“ஓம் அம்மா,” என்றேன்.