வளைவில் பிரேக் பிடித்தவர்

போன கிழமை ஒரு மனிதருக்கு வேலை போய்விட்டது. போகச் செய்தவன் நான்.

எனக்குக் கார் ரேஸ் என்றால் பைத்தியம். ரேஸ் முடிந்தாலும் எனக்கு முடியாது. இரண்டு ஓட்டுநர்களின் டெலிமெட்ரியை, கார் அனுப்பும் வேகப் பதிவின் வரைகோடுகளை, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பேன் — யார் எங்கே பிரேக் பிடித்தார், வளைவின் நடுவே எவ்வளவு வேகம், எந்த இடத்தில் மறுபடி அக்சிலரேட்டரை மிதித்தார்... கோடுகள் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவில் ஒருவருக்கு பருத்தித்துறை – யாழ்ப்பாணம் பாதையில் இரண்டு மினிபஸ் ஓடுகிறது. இரண்டிலும் புதிதாக, வேகத்தைப் பதிகிற ஜிபிஎஸ் பூட்டியிருக்கிறார். ஞாயிறு காலை லப்டொப்போடு வந்து நின்றார்.

"ஐசே, நீர் றேஸ்காரற்றை கோடுகளையே வாசிக்கிற ஆள். என்ரை ரெண்டு ட்ரைவர்மாரையும் ஒருக்காப் பாருமன். ஆர் திறம்?"

கேட்க வேண்டுமா? உச்சி குளிர்ந்துவிட்டது. வல்லைவெளி தாண்டியதும் வருகிற வளைவை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். இளையவன் ரூபன் வளைவுக்குள் நுழையும்வரை வேகத்தை விடவில்லை. மூத்தவர் தவம் வெகு முன்னாலேயே பிரேக் பிடித்து, ஊர்ந்து, வெளியே வந்தும் தயங்கித் தயங்கித்தான் வேகமெடுக்கிறார். ஒவ்வொரு நாள் காலையிலும் அப்படியே.

"தவத்துக்கு வளைவெண்டால் பயம். ரூபன்தான் ட்ரைவர்" என்றேன். பெரிய நீதிபதி!

செவ்வாய்க்கிழமை தவம் வீட்டுக்கே வந்தார். சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருக்கலாம்.

"என்னை நிப்பாட்டிப்போட்டார். நீங்கள் சொன்னதெண்டு சொன்னார்... அண்ணை, காலமை நான் பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்திறனான். வாசல் வரைக்கும் நெரிஞ்சுகொண்டு நிக்குங்கள். வளைவை வேகமா வெட்டினால் ரெண்டு மூண்டு வெளியிலை விழும். ரூபன் பிள்ளையள் நிக்கிற அந்த பஸ் ஹோல்டிலை நிப்பாட்டிறேல்லை. வெறும் பஸ்ஸோடை போறான். உது கோட்டிலை தெரியேல்லையோ?"

தெரியவில்லை. ஆனால் நான் கேட்டிருக்க வேண்டாமா? டேங்க் நிறைந்த காரையும் காலியான காரையும் வளைவில் ஒப்பிடக் கூடாது என்பது ரேஸ் பார்க்கிற எவருக்கும் தெரிந்த அரிச்சுவடி. டிவியில் யாராவது அந்தப் பிழை விட்டால் முதலில் கத்துகிறவன் நான்தான். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

உடனே முதலாளியிடம் ஓடினேன். பிழை என்னுடையது, பாரத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன், தவத்தைத் திருப்பி எடும் என்று மன்றாடினேன்.

அவர் சிரித்தார்.

"அவர் பிள்ளையளை ஏத்திறது எனக்குத் தெரியாதோ? அரை டிக்கெட்டுக்காக அந்த ஹோல்டிலை மினக்கெட வேண்டாமெண்டு எத்தினை தரம் சொன்னனான்! கேட்டாத்தானே."

"அப்ப என்னை ஏன் கேட்டனீர்?"

"பிள்ளையளை ஏத்தினதுக்கு நிப்பாட்டினன் எண்டால் சனம் என்னைக் கிழிச்சுப்போடுமெல்லே? இப்ப நீரெல்லோ சொன்னது... ஆளுக்கு ஓடத் தெரியாதெண்டு."

அதற்குப் பிறகு, தெரிந்த பஸ்காரர்களிடமெல்லாம் தவத்துக்காக வேலை கேட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் என்னிடம் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்கிறார்கள்.

"ஆர், உந்த வளைவுக்குப் பயந்த மனுசனோ?"