கோந்தக்காவுக்கு ஒட்டிய கதை

மெத்தைக் கம்பெனியில் அவளுக்கு வைத்த பெயர் கோந்தக்கா. பஞ்சுத் தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டும் அறையில், கோந்து பீச்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் வேலை. அந்த நாற்றம் இருக்கிறதே, அது சோப்புக்கும் ஷாம்புவுக்கும் பெப்பே காட்டிவிடும். தலைமுடிக்குள் புகுந்துகொள்ளும், தொண்டையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அவளுடைய மகள், எட்டு வயது வாண்டு, கொஞ்ச நாளாகப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு சுவரோரம் போய்ப் படுக்கிறது. கட்டிக்கொள்ளப் போனால், "குமட்டுதும்மா" என்று மூக்கைப் பொத்துகிறது. பெற்ற பிள்ளை மூக்கைப் பொத்தினால் யாருக்குத்தான் வயிறு எரியாது? தையல் பகுதியில் ஓர் இடம் காலியாகப் போகிறது என்று தெரிந்ததிலிருந்து, அதற்காக மேனேஜர் அறை வாசலில் தவம் கிடந்தாள்.

அப்போதுதான் கம்பெனியின் வலைப்பூவில் எழுதுகிறவன் வந்து சேர்ந்தான். வாரம் ஒரு தொழிலாளியின் கதையை இன்டர்நெட்டில் போடுவது அவன் பிழைப்பு. மெத்தை வாங்குகிறவர்கள் மெத்தையை மட்டும் பார்த்தால் போதாதாம், அதற்குப் பின்னால் இருக்கும் மனித முகத்தையும் பார்க்க வேண்டுமாம். அந்த முகத்துக்கென்று ஒரே ஒரு புது நீலச் சட்டை வைத்திருந்தார்கள். காவல்காரர், லாரி டிரைவர், பெருக்குகிறவர் எல்லோரும் போட்டோவுக்கு அதையேதான் மாட்டிக் கழற்ற வேண்டும். தொளதொளவென்று இருந்தால் முதுகுப் பக்கம் துணி கிளிப்புகளைக் கவ்வவிடுவார்கள். முன்னால் பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். போன வாரத்து ஆளின் வியர்வை காய்ந்த காலர் கழுத்தில் பட்டதும் கோந்தக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னதும் சிரித்துவைத்தாள்.

"மனசு விட்டுப் பேசுங்கம்மா" என்றான்.

"அம்மாவா? உனக்கும் எனக்கும் நாலு வயசு வித்தியாசம் இருந்தா அதிகம் தம்பி."

மேனேஜரும் இதைப் படிப்பாரே, நம் பாடு அவருக்கும் உறைக்கட்டும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். "இந்தக் கோந்து நாத்தம் வீடு வரைக்கும் கூடவே வருது. என் பொண்ணு கிட்டவே வரமாட்டேங்குறா. என்னைத் தையலுக்கு மாத்திவிட்டாப் போதும்."

அவன் உச்சுக்கொட்டினான். கண்கூடக் கலங்கினான். அதை நம்பினாள், பாவி.

அடுத்த வாரம் சாப்பாட்டு நேரத்தில், தையல்காரத் தோழி செல்போனைப் பார்த்து உரக்கப் படித்தாள். "'கோந்தின் மணம் என்னோடு வீடு வரை வருகிறது. அதுதான் எனக்குத் தாய்வீட்டு வாசம். இதை விட்டு எங்கும் போகமாட்டேன்' என்கிறார் இந்தத் தாய், கண்கள் பனிக்க."

கீழே முன்பின் தெரியாதவர்கள் வரிசையாக இதயம் போட்டிருந்தார்கள். கோந்தக்கா வாயில் வைத்ததை எழுந்து போய்த் துப்பினாள்.

மேனேஜரும் படித்திருந்தார், நன்றாகவே படித்திருந்தார். "நீயே இப்படிச் சொல்லியிருக்கியேம்மா. இப்போ உன்னை மாத்தினா கதை பொய்னு ஆயிடாதா? கம்பெனி பேரு என்னாகிறது?" தையல் இடம் வேறொருத்திக்குப் போய்விட்டது.

நேரே எழுத்துக்காரனிடம் போனாள். "நான் இப்படியா சொன்னேன்?"

"கொஞ்சம் பாசிட்டிவா மாத்தினேன்க்கா. அப்பத்தான் படிக்கிறவங்க மனசைத் தொடும்." சொல்லிக்கொண்டே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். ஜன்னலைத் திறந்துவிட்டான்.

"ஏன் தம்பி, தாய்வீட்டு வாசம் ஒத்துக்கலையா?"

அவன் கம்ப்யூட்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சீ, இதுவும் ஒரு பிழைப்பா! சாணியை மிதித்தால் காலைக் கழுவிக்கொள்ளலாம். இவன் கை பட்ட பேச்சை எதைப் போட்டுக் கழுவுவது?

அன்று வீட்டுக்கு வந்ததும் தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்தாள். வெளியே வந்தபோது மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"பக்கத்து வீட்டு அத்தை போன்ல உன் கதையைக் காட்டினாங்க. அந்த நாத்தம் உனக்குப் பிடிக்குமாமே? அதை விட்டு எங்கயும் போகமாட்டியாமே?"

"இல்லடி கண்ணு. அவன் பொய்யா எழுதிட்டான்."

"போட்டோல நீ சிரிக்கிறியேம்மா."

கோந்தக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. அது அடங்குவதற்குள் குழந்தை சுவரோரம் படுக்கையை விரித்து, முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது. இந்த முறை மூக்கைக்கூடப் பொத்தவில்லை.