இரண்டு இடது பக்கங்கள்

எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்றைக்கு அதற்குப் பயந்துதான் துணி வெட்டினேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. பாதிக் கோபம் அத்தை மேல், பாதி என் மேல்.

கல்யாணம் என் தங்கைக்கு. ஐந்து வருடத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் தவறிவிட்டார். பம்பாயில் சயான் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்கு வேலை. கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டார். இவள் ஒரு வருடம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்து என்று முடிவானது. அம்மா அப்பா இல்லை, மூத்தவள் நான்தான். தாராவியில் என் வீட்டுக்கு அடுத்த சந்தில்தான் அவள் வீடும்.

விஷயம் தெரிந்ததும் தேவ்நாரிலிருந்து அத்தை வந்து இறங்கினாள். அப்பாவின் அக்கா. ஒத்தாசைக்கு வந்தேன் என்றாள். வந்த அன்றே புடவையைப் பார்த்துவிட்டாள். மாப்பிள்ளையும் தங்கையும் சேர்ந்து போய் மாதுங்காவில் எடுத்த சிவப்புப் பட்டு. உடம்பு பூராவும் ஜரிகையில் காசு காசாகப் புட்டா.

"கையெழுத்துப் போடத்தான போறா. அதுக்கு எதுக்குட்டி பட்டு? ஒரு சுங்குடி போதும். நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாவ?"

"பாக்கட்டும் அத்தே. பாக்கத்தான உடுத்துறது."

"மொதத் தடவன்னா சரி. இது ரெண்டாவதுல்லா."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பெண்டாட்டி செத்த மூன்றாம் மாதமே அத்தையின் கொழுந்தன் பட்டு வேட்டி கட்டி, மாலை போட்டு, மண்டபம் பிடித்துக் கல்யாணம் பண்ணினார். முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவள் இந்த அத்தை. அதை நான் சொன்னதற்கு, "ஆம்பளைக்கு என்ன" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அவளுக்குப் பட்டுதான், ரவிக்கையும் அதே பட்டில்தான், அதை நானேதான் தைக்கப்போகிறேன் என்று நானும் சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் அத்தை வேறு பக்கம் தாவினாள். சரி, தைப்பதே தைக்கிறாய், நல்ல நேரம் பார்த்துக் கத்தரி வை என்றாள். கல்யாணத் துணியில் முதல் வெட்டு ராகு காலத்தில் விழக்கூடாதாம், அதுவும் இவள் விஷயத்தில் விழவே கூடாதாம். அது என்ன இவள் விஷயத்தில்? கேட்டால் பேச்சு நீளும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சுவரில் எங்கள் சொந்த ஊர் நகைக்கடை கொடுத்த காலண்டர் தொங்கியது. ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. சரி, பத்தரைக்குள் வெட்டிவிட்டால் இவள் வாய் மூடும் என்று ஒத்துக்கொண்டேன். நான் பண்ணிய முதல் தப்பு அதுதான்.

தண்ணீர் பிடித்து, பாத்திரம் துலக்கி, இடத்தை ஒழித்து, கதவைச் சாத்திவிட்டுத் தரையில் துணியை விரிக்கும்போது மணி பத்து பத்து. அத்தை காலண்டருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள். துணியின் மூலையில் மஞ்சள் தடவச் சொன்னாள், தடவினேன். முதுகுப் பக்கத்தை வெட்டினேன், கை இரண்டையும் வெட்டினேன்.

"பத்து இருவது ஆயிட்டுட்டி."

முன்பக்கம் இரண்டு துண்டு. எப்போதும் துணியை இரண்டாக மடித்துப் போட்டு ஒரே வெட்டாக வெட்டுவேன். வலதும் இடதும் தானாக வந்துவிடும். அன்றைக்கு மீதி இருந்த துணி மடிக்கிற அளவுக்கு அகலம் இல்லை. தனித்தனியாகத்தான் வெட்டவேண்டும். அப்படி வெட்டும்போது ஒரு பக்கத்துக்குக் காகித அளவை வைத்து வரைந்தால், மறு பக்கத்துக்கு அதைக் கவிழ்த்து வைக்கவேண்டும். இது தையல் பழகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"பத்து இருவத்தேழு. வெரசா வெட்டு."

வெட்டினேன். பத்து இருபத்தொன்பதுக்குக் கத்தரியைக் கீழே வைத்தேன். அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். முன்பக்கத் துண்டு இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் இடது. காகிதத்தை நான் கவிழ்க்கவே இல்லை. ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். வெட்டு சரியாக வந்தது, ஆனால் மேலே வந்தது துணியின் உள்பக்கம். ஜரிகை நூல் பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டிருந்தது, ஒரு காசும் காசாக இல்லை. மீதித் துணி என்று பார்த்தால் உள்ளங்கை அகலத்தில் நாலு துண்டுதான்.

அத்தை எட்டிப் பார்த்தாள். தையல் தெரியாதவளுக்கும் இது புரிந்துவிட்டது.

"நான் சொன்னா யாரு கேக்கா? இது வேண்டாம்னு தெய்வமே சொல்லுது பாத்தியா."

மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். மாதுங்காவில் பூஜைச் சாமான் கடையில் வேலை பார்க்கிறார். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். அவர் காலண்டரைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சாம்பாரை ஊற்றிக்கொண்டார்.

"அது நம்ம ஊருல ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கிற கணக்கு. பம்பாய்ல இப்ப ஏழே காலுக்குத்தான் விடியுது. நம்ம கடைக்கு வார மாதுங்காக்காரங்க இந்த ஊருக்குன்னு தனியா கணக்குப் போட்ட பஞ்சாங்கம்தான் வாங்குவாங்க. இன்னைக்கு ராகு காலம் பதினொண்ணு இருவதுக்கு மேலதான்."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். வருடா வருடம் அந்தக் காலண்டரை அந்த ஆணியில் மாட்டுகிறவரே இவர்தான்.

"இத ஏன் இத்தன வருசமாச் சொல்லல?"

"நீ என்னைக்குக் கேட்ட?"

அந்தச் சாம்பாரை எடுத்து அவர் தலையில் ஊற்றாமல் விட்டது என் பொறுமை. முக்கால் மணி நேரம் கையில் இருந்திருக்கிறது. நிதானமாக, ஒரு டீ குடித்துவிட்டு, நாலு தடவை காகிதத்தைக் கவிழ்த்துப் பார்த்து வெட்டியிருக்கலாம். இதாவது அத்தை வாயை அடைக்கும் என்று நினைத்தேன். அவள் அசரவில்லை.

"அப்ப நல்ல நேரத்துலயே தப்பா விழுந்துருக்கு. அது இன்னும் மோசம்லா."

இப்படிப் பேசுகிறவளிடம் எந்தக் கோர்ட்டுக்குப் போய் ஜெயிக்க முடியும்?

வெட்டிய துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் கிளம்பினேன். மாஹிம் பக்கம் மூன்று துணிக்கடை ஏறி இறங்கினேன். சிவப்பு என்று கேட்டால் பதினைந்து சிவப்பை எடுத்துப் போடுகிறான். ஒன்றில் மஞ்சள் அடிக்கிறது, ஒன்று ரத்தம் மாதிரி இருக்கிறது. "சேம் டு சேம் ஹை பெஹன்ஜி," அதே நிறம்தான் அக்கா என்று கடைக்காரன் சத்தியம் பண்ணினான். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து என் துண்டின் மேல் வைத்துக் காட்டினேன், துணியைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டான். புடவை எடுத்த கடைக்கு போன் போட்டால், அந்த நிறத்தில் அந்த ஒரு புடவைதான் இருந்தது என்றார்கள். சும்மா ஒரு கறுப்பு ரவிக்கை போட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதுமே அத்தை சொன்ன சுங்குடி ஞாபகம் வந்தது. மாட்டேன் என்று நடுரோட்டில் வாய்விட்டுச் சொன்னேன்.

சாயங்காலம் தங்கை வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். நான் பக்குவமாகச் சொல்லலாம் என்று இருந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். துணி தப்பாக விழுந்தது, தெய்வக் குத்தம், இன்னும் மூன்று நாள் இருக்கிறது, நன்றாக யோசித்துக்கொள், மாப்பிள்ளையிடம் நான் வேண்டுமானால் பேசுகிறேன். இத்தனையும் ஒரே மூச்சில்.

தங்கை இரண்டு துண்டையும் எடுத்துப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "இப்ப வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வருடம் யோசித்தவளுக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். என் கத்தரியால் ஒரு கல்யாணம் நின்றது என்று ஆகிவிடக்கூடாதே என்று அடுப்படியில் நின்று அழுதேன். அழுகிற நேரத்திலும் அத்தை மேல் கோபம் குறையவில்லை.

அரைமணி நேரத்தில் திரும்பி வந்தாள். கையில் ஒரு பாலிதீன் கவர். உள்ளே அவளுடைய முதல் கல்யாணத்து ரவிக்கை. சிவப்புதான், கொஞ்சம் அரக்கு கூடினது. ஜரிகையில் காசுக்குப் பதில் மாங்காய்.

"இதுல வலது பக்கத்தப் பிரிச்சு எடுத்து அதுல வச்சுத் தையி அக்கா."

அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அவளை விடுங்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அது வேண்டாம்ட்டி. நல்லாருக்காது. ஒண்ணுக்கொண்ணு சேராது, தெரியும்."

"தெரியட்டும். கட்டிக்கப்போற இவரு அத மறைக்கச் சொல்லல. போனவரு போட்டோவ வீட்டுல எங்க மாட்டணும்னு இவருதான் எங்கிட்டக் கேட்டாரு. நீங்க ரெண்டு பேருந்தான் மறைக்கச் சொல்லுதிய."

"நானா? ஒனக்காக நான் காலைலேருந்து..."

"பட்டு ரவிக்கன்னா முக்குல இருக்க டெய்லர் அண்ணாச்சிட்டத்தானக்கா குடுப்ப? இத மட்டும் ஏன் வீட்டுக்குள்ள கதவச் சாத்திட்டு வச்சு வெட்டுன?"

கொடுத்தால் அண்ணாச்சி யாருக்கு என்று கேட்பார். நான் சொல்லவேண்டும். சாயங்காலத்துக்குள் சந்து பூராவும் தெரியும். இவ்வளவுதான் காரணம். அத்தையோடு காலையிலிருந்து மல்லுக்கு நின்ற நான், துணி எடுத்த அன்றைக்கே இதை வீட்டுக்குள்ளேயே வெட்டுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். அத்தையாவது முகத்துக்கு நேரே சொன்னாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்திலேயே பெரியது இதுதான், காட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை காலையில் பழைய ரவிக்கையைப் பிரித்தேன். அப்போது அவள் ஒல்லி. நல்லவேளை, தைத்தவர் உள்ளே ஓரத்தில் தாராளமாகத் துணி விட்டிருந்தார். அப்படியும் அக்குளுக்குக் கீழே இரண்டு விரல் போதவில்லை. தப்பாக வெட்டிய இடது துண்டிலிருந்து ஒரு பட்டை எடுத்து அங்கே ஒட்டுக் கொடுத்தேன். நேர்ப்பட்டைக்கு இடது வலது கிடையாது, அதனால் துணியின் நல்ல பக்கமே மேலே வந்தது. இடது பக்கம் காசு, வலது பக்கம் மாங்காய். முந்தானை இடது தோளில் ஏறும், வெளியே தெரியப்போவது வலது பக்கம்தான். கை இரண்டையும் வைத்துத் தைத்துவிட்டேன். தங்கை போட்டுப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்றாள். அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹூக் வைப்பதும் ஓரம் மடித்து அடிப்பதும் பாக்கி. அதை நானே செய்யலாம். எத்தனையோ ரவிக்கைக்குச் செய்திருக்கிறேன்.

எடுத்துக்கொண்டு முக்குக் கடைக்குப் போனேன். வாசலில் பால் பாக்கெட்டோடு இரண்டு பெண்கள் நின்றார்கள், இரண்டு பேருமே எங்கள் சந்து. அண்ணாச்சி ரவிக்கையை மிஷின் மேல் விரித்து, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒரு பக்கத்தையும் மறு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன தாயி இது, ரெண்டு ரவிக்கைய ஒண்ணாச் சேத்துருக்க? யாருக்கு?"

"எந் தங்கச்சிக்கு அண்ணாச்சி. திங்கக்கெழம கல்யாணம். ரெண்டாங் கல்யாணம்."

குரல் கொஞ்சம் கூடிவிட்டது போல. அந்த இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி ஹூக் டப்பாவைத் திறந்தார்.