பத்திரமாக இறக்கியவர்

நான் பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் ஒரு காலத்தில் ஒரு ஜெர்மன்காரருக்கும் என் வாப்பாவுக்கும் நடுவில் நின்று இரண்டு பேர் பேச்சையும் மாற்றிக் கொடுத்தவள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. அதில் நான் ஒரு பிழை செய்தேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமையலை இறக்கி வைத்து, லுஹர் தொழுதுவிட்டு முஸல்லா விரிப்பிலேயே கொஞ்சம் அசந்து உட்காருகிற நேரத்தில் அந்தப் பிழை இப்போதும் ஞாபகத்துக்கு வரும்.

துபாயில் சத்வாவில் ஒரு தையல் கடையில் வாப்பாவுக்கு வேலை. காலை எட்டு மணிக்கு மிஷினில் உட்கார்ந்தால் இரவு கடை அடைக்கும்வரை எழுந்திருப்பது தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும்தான். முதுகு பிடித்துக்கொள்ளும். நாற்காலிக்குப் பின்னால் வெட்டுத் துணிகளைத் திணித்த ஒரு தலையணையைக் கட்டி வைத்திருந்தார். இந்தி பேசுவார், அரபியில் வியாபாரத்துக்குத் தேவையானதைப் பேசுவார். ஆங்கிலத்தில் 'இஞ்ச்', 'சார்' இரண்டு சொல் மட்டும் தெரியும். பள்ளி விட்டதும் நான் வாப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். வெள்ளைக்காரர் யாராவது வந்தால் என்னை முன்னால் நிறுத்திவிடுவார்.

அந்த ஜெர்மன்காரருக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். மகள் வீடு ஜுமேராவில். குளிர்காலத்தில் வந்து தங்குவார். வருடா வருடம் அதே இரண்டு கால்சட்டையைக் கொண்டுவந்து இடுப்பைப் பிடிக்கச் சொல்வார். துணி அப்படியே இருந்தது, ஆள்தான் சுருங்கிக்கொண்டே வந்தார். அந்த வருடம் புதிதாக ஒன்று தைக்கச் சொன்னார். கால் அளவு எடுத்த வாப்பா டேப்பைச் சுருட்டிவிட்டு மறுபடியும் விரித்து அளந்தார். இடது கால் ஒரு இஞ்ச் குட்டை.

"ஆக்சிடெண்டான்னு கேளு மவளே" என்றார் வாப்பா.

கேட்டேன். கிழவர் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்ததில் உடைந்த கால், அந்தக் காலத்துப் பெரிய சண்டையில், என்றார். அன்றும் அடுத்த இரண்டு தடவையும் அவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்ல, நான் வாப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்.

பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தாராம். முதலில் பிரான்ஸ், அப்புறம் இங்கிலாந்துக்கு எதிரே கடற்கரை, அதற்கப்புறம் ஆப்பிரிக்கா. அங்கேயும் இதே மணல்தான், ஈ மட்டும் அதிகம் என்றார். கடைசி இரண்டு வருடம் சொந்த நாட்டிலேயே. இங்கிலாந்துப் பக்கமிருந்து நாலு இஞ்சின் வைத்த பெரிய விமானங்கள் நூறு நூறாக வருமாம். இவர் தினம் காலையில் சின்ன விமானத்தில் மேலே போக வேண்டுமாம். கூடப் பறக்கப் புதுப் பையன்களை அனுப்புவார்களாம். ஒரு வாரத்துக்கு மேல் தாங்காததால் அவர்கள் பெயரைக் கேட்பதையே நிறுத்திவிட்டாராம். நாலு தடவை இவர் விமானமும் விழுந்தது. கழுத்தில் பதக்கம் மாட்டிவிட்டு மறுநாளே மேலே அனுப்பினார்கள். இதிலெல்லாம் பெருமை இல்லை அவர் பேச்சில். நாள் முழுக்கத் தைத்த உருப்படிகளை வாப்பா உம்மாவிடம் அலுத்துக்கொண்டு சொல்வாரே, அந்தக் குரல்தான்.

எத்தனை வருஷம் ட்யூட்டி, லீவு உண்டா என்று வாப்பா கேட்கச் சொன்னார். ஐந்தரை வருடம், அடிபட்டுப் படுத்தால்தான் லீவு என்றார் அவர். விசா கொடுத்த நம்ம கஃபீலே தேவலை என்றார் வாப்பா. நான் அதை மாற்றிச் சொல்லவில்லை.

மூன்றாவது தடவைதான் அந்தச் சொல் வந்தது. மொத்தம் அறுபத்து மூன்று விமானங்களை 'ப்ராட் டவுன்' செய்தேன் என்றார். ப்ராட் என்றால் கொண்டுவந்தது, டவுன் என்றால் கீழே. வகுப்பில் டிக்டேஷனில் தப்பாமல் எழுதுகிறவள் நான், யோசிக்கக்கூட இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் வந்தால் ஒரு சின்னப் படகு எதிரே போய் வழி காட்டிக் கூட்டி வரும். அதைப்போல, சண்டைக்கு நடுவில் வழி தெரியாமல் வந்த பெரிய விமானங்களை இவர் மேலே போய்க் கூட்டிக்கொண்டு வந்து தரையில் சேர்த்திருக்கிறார் என்று என் மனதில் படம் ஓடிவிட்டது.

"அறுபத்து மூணு ப்ளேனைப் பத்திரமாக் கீழ இறக்கினவராம் வாப்பா" என்றேன்.

'பத்திரமா' என்பது அவர் சொன்னது இல்லை. நானே போட்டுக்கொண்டது. சுட்டு வீழ்த்துவதற்கும் அதே சொல்தான் என்று எனக்குத் தெரியவந்தது கல்யாணத்துக்கு அப்புறம்.

வாப்பா கையிலிருந்த கத்தரியை மேசையில் வைத்துவிட்டார். அவர் கல்யாணத்துக்கு முன்னால் குவைத்தில் இருந்தவர். அங்கே சண்டை வந்தபோது உடுத்திய துணியோடு பஸ்ஸில் ஏறி, பாலைவனம் தாண்டி, ஜோர்டானில் கூடாரத்தில் நாள்கணக்காகக் கிடந்து, கடைசியில் ஒரு விமானம் வந்து தூக்கி பம்பாயில் இறக்கியது. அந்த விமானத்தை ஓட்டியவர் யாரென்றுகூடத் தெரியாது, ஒரு சலாம் சொல்லவில்லையே என்று எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தக் கடனை இந்த மனிதரிடம் தீர்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அன்று முதல் அந்த ஸ்டூலில் ஒரு மெத்தைத் துணி போட்டு வைத்தார்.

அது இராக்கில் சண்டை தொடங்கின மாதம். டிவியில் எப்போது பார்த்தாலும் போர் விமானம். அதே சமயம் ஊரில் பெரியம்மா, அதாவது உம்மாவின் மூத்த ராத்தா, பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தார். தாயில்லாத உம்மாவை வளர்த்தவர் அவர்தான். பேச்சு போய்விட்டது, உம்மாவின் பெயர் மட்டும் வாயில் வருகிறது என்று போன் வந்தது. வெள்ளிக்கிழமை விமானத்தில் உம்மாவுக்கும் எனக்கும் கைக்குழந்தைத் தம்பிக்கும் டிக்கெட் போட்டாயிற்று. உம்மா ஏற மாட்டேன் என்றார். சண்டை நடக்கிற வானத்தில் பிள்ளைகளோடு போனால் எவனாவது சுட்டுவிடுவான் என்று அழுதார். போகவில்லை என்றால் ராத்தாவின் முகத்தைப் பார்க்க முடியாது என்றும் அழுதார். இரண்டு நாள் அடுப்பே பற்றவில்லை. முதுகுவலியோடு வாப்பா ஹோட்டலில் பரோட்டா வாங்கிக்கொண்டு வருவார்.

புதன்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜெர்மன்காரர் கால்சட்டை வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார். வாப்பா உம்மாவையும் கடைக்கு வரச் சொன்னார். உம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றார்.

"சாருட்ட சொல்லு மவளே. இவங்களுக்கு ப்ளேன் ஏறப் பயம், சுட்டுப்புடுவாங்கன்னு. சண்டையில அறுபத்து மூணை இறக்கின கை அது. அவர் வாயால ஒரு வார்த்தை சொன்னா இவங்க கேப்பாங்க. அவர் இறக்கின ஒவ்வொண்ணுக்கும் அல்லாஹ் கூலி கொடுப்பான்னும் சொல்லு" என்றார் வாப்பா.

ஒன்றையும் விடாமல் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் கடவுள் கூலி கொடுப்பார் என்று சொன்னபோது கிழவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு, நான் முன்பு சொன்னது உன் வாப்பாவுக்குச் சரியாகப் புரிந்ததா என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லாம் சரியாகத்தான் சொன்னேன் என்றேன். அதற்குள் வாப்பா அவருடைய வலது கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். கிழவர் அதை மெதுவாக உருவிக்கொண்டார்.

உம்மா ஏறப்போகிற விமானத்தில் எத்தனை பேர் என்று கேட்டார். முந்நூறு இருக்கும் என்றார் வாப்பா. முந்நூறு, முந்நூறு என்று கிழவர் இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். என்னுடையவற்றில் பத்துப் பேர், சில சமயம் அதில் ஐந்து பேர் வெளியே இறங்கிவிடுவார்கள் என்றார்.

நான் தமிழில் சொன்னதும் உம்மா, "பாதி வழியிலேயா?" என்று கேட்டார்.

"மஸ்கட்ல ஆளை இறக்கிட்டுப் போகுதுல்ல, அந்த மாதிரி இருக்கும்" என்றார் வாப்பா.

கிழவர் உம்மாவைப் பார்த்துத் திரும்பினார். அவர் விட்டுவிட்டுச் சொன்னதை நான் கோத்துச் சொன்னேன்.

"உங்களைத் தேடி மேல யாரும் வரமாட்டாங்களாம் உம்மா. அவர் காலத்துல தினம் காலையில மேல போய் இவர் தேடுவாராம். இப்ப அப்படித் தேடுறதுக்கு யாரும் இல்லையாம். பயப்படாமப் போகச் சொல்றார்."

உம்மா தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டு, பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை என்று வாப்பாவிடம் சொன்னார். மூன்று நாளாக இறுகிக் கிடந்த முகம் அப்போதுதான் இளகியது. தரை தொட்டதும் முதல் துஆ இவருக்குத்தான், சொல்லு என்றார் என்னிடம்.

கிழவர் தலையை ஆட்டினார். எனக்கு வேண்டாம், அந்த அறுபத்து மூன்றில் இருந்தவர்களுக்குக் கேட்கச் சொல் என்றார். உம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்ன மனசு பாருங்க. தனக்குன்னு கேக்கலையே."

பெயர் சொல்லிக் கேட்டால் நல்லது, யாராவது ஒருத்தர் பெயராவது தெரியுமா என்று உம்மா கேட்கச் சொன்னார். ஒரு பெயரும் தெரியாது என்றார். கால்சட்டைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, ஒரு இஞ்ச் சாய்ந்து சாய்ந்து நடந்து போனார். அடுத்த குளிர்காலத்தில் அவர் வரவில்லை.

உம்மாவிடமும் வாப்பாவிடமும் இன்றுவரை நான் உண்மையைச் சொல்லவில்லை. சொல்ல வாயெடுப்பேன், அதற்குள் வேறு வேலை வந்துவிடும். அந்த வார்த்தையை நம்பித்தான் உம்மா விமானம் ஏறினார். அல்லாஹ்வின் கிருபையால் பெரியம்மாவை உயிரோடு பார்க்கக் கிடைத்தது. உம்மாவின் கையைப் பிடித்தபடிதான் பெரியம்மா பதினோராம் நாள் மௌத்தானார்.

அந்த வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் சக்கரம் தரையில் இடித்த உடனே எல்லோரும் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு எழுந்து மேலே இருந்த பைகளை இழுக்க ஆரம்பித்தார்கள். உம்மா எழுந்திருக்கவில்லை. தம்பியை என் மடியில் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் ஏந்தினார். அந்த மனுசர் கீழே இறக்கினவங்க எல்லாரும் எந்த ஊரில் இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், பிள்ளைகுட்டியோடு, நீண்ட ஆயுசோடு இருக்கணும் ரஹ்மானே என்று கேட்டார். அந்தச் சத்தத்தில் அல்லாஹ்வுக்குக் கேட்காமல் போய்விடுமோ என்று, நான் உரக்க ஆமீன் சொன்னேன்.