மூச்சு வாங்க வரச் சொன்ன முனி

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காவல் சாமியான முனியாண்டியின் பெயரில் பொய் சொன்னவர்கள் பலர் உண்டு. வேலைக்கு மட்டம் போட்டவர்களும் குடித்துவிட்டு வடிகாலில் விழுந்து கிடந்தவர்களும், முனி வழிமறித்துவிட்டார் என்றுதான் மறுநாள் வேலை வாங்கும் மண்டோரிடம் சொல்வார்கள். ஆனால் என் மாமா சொன்ன அளவுக்குப் பெரிய பொய்யை அந்த முனி அதுவரை கேட்டிருக்க மாட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தேயிலைப் பெட்டிகளை லோரியில் ஏற்றி, தாப்பா ரோட்டில் கீழே கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவது அவர் வேலை. கல்யாணம் ஆகாதவர் என்பதால் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் எங்களோடுதான் இருந்தார். வாய் கொஞ்சம் நீளம் என்று அப்பா சொல்வார்.

எழுபதுகளின் கடைசி அது. நான் எட்டு வயதுச் சிறுமி. தம்பி பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. பிள்ளை பெற்ற உடம்புக்குள் காற்று புகுந்துவிடக் கூடாது என்று அம்மாவின் காதில் பஞ்சை வைத்து, தலையில் துண்டைக் கட்டி, மேலே இரண்டு கம்பளிகளைப் போர்த்தி உள்ளறையில் உட்கார வைத்திருந்தார்கள். கீழ்நாட்டில் ஒரு மண்டலத்தில் முடிந்துபோகிற காவல் இது. கேமரன் மலைக் குளிருக்கு அது போதாது என்று லயத்துப் பெண்கள் கூடிக்கூடிப் பேசி நாளை நீட்டிக்கொண்டே போனார்கள். எல்லாம் பாசம்தான். அந்தப் பாசத்தில் அம்மா கொஞ்சம் கொஞ்சமாக ஊமையாகிக்கொண்டிருந்தாள்.

அதற்கு முன்பு அம்மா பேசினால் இரண்டு மலைச்சரிவுக்குக் கேட்கும். கொழுந்து எடுப்பதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. அப்படிப்பட்டவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே பொழுதைக் கழித்தாள். இரவும் தூங்கவில்லை, சோற்றை வைத்தால் வைத்தபடியே இருந்தது. பக்கத்தில் தம்பி வீறிட்டு அழுதாலும், அடுத்த வீட்டுக் குழந்தை அழுவதைப்போலத் திரும்பிப் பார்ப்பாள். டப்பிப் பாலைக் கரைத்து நானும் அடுத்த வீட்டு அக்காவும்தான் அவனுக்குப் புகட்டினோம். தோட்டத்து மருந்தக டிரசர் வந்து பார்த்துவிட்டு, உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று சத்து மருந்து கொடுத்துவிட்டுப் போனார். காற்று தலைக்கே ஏறிவிட்டது என்று பெண்கள் முடிவு கட்டினார்கள். அந்த அறைக்கு இருந்த ஒரே ஜன்னலையும் சாக்கால் அடைத்தார்கள்.

ஈப்போவில் இருந்த என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, பிள்ளை இல்லை. தீபாவளி முடிந்ததும் வந்து தம்பியைத் தூக்கிக்கொண்டு போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார். போன பிள்ளை திரும்பி வராது என்பது எனக்குக்கூடத் தெரிந்திருந்தது. அவன் போய்விட்டால் அம்மா அந்தச் சுவரோடு சுவராகவே ஆகிவிடுவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் மாமா லோரியை நிறுத்திவிட்டுக் கை கால்கூடக் கழுவாமல் அப்பாவிடம் வந்து நின்றார்.

"மச்சான், வர்ற வழியில ரேடியோல ஒரு டாக்டர் பேசுனாரு. மனசு ஒடஞ்சு போனவங்கள வெளிநாட்டுல ஓடவிட்டு, நடக்கவிட்டு ஆராய்ச்சி பண்றாங்களாம். நல்லா மூச்சு வாங்க நடந்தா மனசு தெளிஞ்சிருதாம். அக்காவ வெளிய கூட்டிட்டுப் போலாம்லா."

தேயிலை வாட்டும் கொட்டகையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்திருந்த அப்பா, அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த மலையில கூடையத் தூக்கிட்டு அவ நடக்காத நடையாடா? நடந்தா கொணமாகும்னா இந்தத் தோட்டத்துல எவனுக்குமே கவலை இருக்கக் கூடாதே. பச்சை உடம்புக்காரியப் பனியில ஓடவிடச் சொல்றான் பாரு."

லயமே சிரித்தது. மாமா துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

மறுநாள் விடியற்காலையில் மாமா எழுந்த கோலத்தை நான் மறக்கவில்லை. கண்ணை உருட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் உதற, வாசலில் வந்து நின்றார். கனவில் முனியாண்டி வந்தாராம். தேயிலைக் காடு முடிந்து பெருங்காடு தொடங்கும் மலை உச்சியில் அவருடைய கல் இருக்கிறது. அம்மா தினமும் விடிந்ததும் அங்கே நடந்தே வந்து, தன் கையால் விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வேண்டுமாம். பக்கத்தில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போனால் கணக்கில் சேராதாம். இன்னும் ஒரு நிபந்தனை, மூச்சு வாங்க வரவேண்டுமாம்.

அடுத்த வீட்டு அக்கா மட்டும் சந்தேகப்பட்டார். "எந்த ஊரு முனிடா மூச்சு வாங்க வரச் சொல்லுது?"

"மூச்சு வாங்காம போய் நின்னா, லோரில ஏறி வந்துட்டாங்கன்னுல நெனைப்பாரு. அவருக்கு லோரின்னா ஆகாதுலா" என்றார் மாமா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வெளிநாட்டு ஆராய்ச்சிக்கு மசியாத எங்கள் லயம் முனியின் உத்தரவுக்கு உடனே கட்டுப்பட்டது. சாக்கை அவிழ்த்தார்கள், கம்பளியை எடுத்தார்கள். காதுப் பஞ்சு மட்டும் இருக்கட்டும் என்றார்கள். எண்ணெய்க் கிண்ணத்தை அம்மாவின் கையில் கொடுத்து, துணைக்கு என்னையும் மாமாவையும் அனுப்பினார்கள்.

முதல் நாள் முதல் வளைவைக்கூட அம்மாவால் தாண்ட முடியவில்லை. காலை இழுத்து இழுத்து நடந்தாள். மூச்சு இரைத்தது. வடிகால் ஓரமாக உட்கார்ந்து, கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அம்மா செத்துப்போகப் போகிறாள் என்று நானும் சேர்ந்து அழுதேன். மாமா பக்கத்தில் கிடந்த ஒரு கல்லைத் துடைத்து நிமிர்த்தி வைத்தார்.

"பரவாயில்லக்கா. உன்னால முடியலன்னு தெரிஞ்சு, இன்னிக்கு அவரே இது வரைக்கும் எறங்கி வந்துட்டாரு. இங்கயே ஊத்து."

அதற்குப் பிறகு முனி நாளுக்கு நாள் பின்வாங்கினார். ஒருநாள் மண்டோரின் கொட்டகைவரை வந்திருப்பார், இன்னொரு நாள் அதற்கு மேலே ஒற்றை மரம்வரை. சில நாள் அம்மா படுக்கையை விட்டு எழவே மாட்டாள். அப்போதெல்லாம் மாமா கோபித்துக்கொள்ளாமல் கட்டிலருகே உட்கார்ந்து, முனிக்கு இன்று விடுமுறை என்பார். மழை பெய்தாலும் போனோம். மாலையில் லோரியை விட்டு இறங்கியதும் என்னைத்தான் தேடுவார். அம்மா சாப்பிட்டாங்களா, கண்ணை மூடினாங்களா, தம்பியைப் பார்த்தாங்களா என்று துருவித் துருவிக் கேட்பார். நல்ல பதிலாக இருந்தால் எனக்கு ஒரு மிட்டாய் கிடைக்கும். மிட்டாய்க்காகப் பொய் சொல்ல எனக்கு ஆசைதான். அவர் முகத்தைப் பார்த்தால் வாய் வராது.

தீபாவளி முடிந்து அத்தை வருவதாகச் சொன்ன நாளும் வந்துவிட்டது. அன்று அம்மா ஒற்றை மரத்தடியில் நிற்கவில்லை. நாங்கள் சொல்லாமலே மேலே ஏறினாள். நான் பின்தங்கிவிட்டேன். மூச்சிரைக்க உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது பார்த்த காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது. மேகம் முழுவதும் எங்களுக்குக் கீழே கிடந்தது. எங்கள் லயம், தானா ராத்தா டவுன், கீழே போகிற ரோடு, ஒன்றையும் காணவில்லை. வெயில் பட்டு மலைச்சரிவு முழுக்கத் தேயிலை பச்சையாக எரிந்தது. அதற்கு நடுவில் அம்மா நின்றாள். முகம் சிவந்து, அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகப் பூத்திருந்தது. சாமி என்றால் எப்படி இருக்கும் என்று அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அந்த முகம்தான் எனக்கு நினைவு வரும்.

அவள் காதுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். சரிவைச் சுற்றிப் பார்த்தாள்.

"கொழுந்தெல்லாம் முத்திப்போய்க் கெடக்கு. இந்த மலைய யாரு எடுக்கிறா? கண்ணு தெரியலையா அவளுக்கு?"

அது அம்மாவின் பழைய குரல். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி பால் குடிச்சானா?"

தலையை ஆட்டினேன். மாமாதான் மெதுவாகச் சொன்னார். "அக்கா, ஈப்போ அண்ணி இன்னிக்கு வராங்க. தம்பியக் கொண்டு போக."

அம்மா கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். ரோட்டைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. செடிகளுக்கு நடுவே கொழுந்து எடுப்பவர்கள் போகிற ஒற்றையடிப் பாதையில், நேர்கீழாக, மேகத்துக்குள் இறங்கி ஓடினாள். எங்கள் இருவராலும் பிடிக்க முடியவில்லை. ஒரு பெண்பிள்ளை அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அதுவும் அவள் என் அம்மா.

நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது தம்பி அத்தையின் மடியில் இருந்தான். அவன் துணிகளைப் பையில் மடித்து வைத்திருந்தார்கள். அம்மா எதிரே நின்றுகொண்டு, பேச மூச்சு வராமல், இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"அண்ணி... குடுங்க."

அத்தை அவள் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து குழந்தையை அந்தக் கைகளில் வைத்தார். அவனுக்காகத் தானே பின்னிக் கொண்டுவந்திருந்த கம்பளித் தொப்பியைத் தலையில் போட்டு, காதுவரை இழுத்துவிட்டார். மத்தியானம்வரை இருந்து, எங்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டுவிட்டு, சிரித்த முகமாகவே கிளம்பினார். தம்பியைத் தூக்கிப்போக வந்தவர் என்று எனக்கு அத்தை மீது அன்று கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

அத்தையைத் தானா ராத்தாவில் பஸ் ஏற்றிவிட மாமாவின் லோரியில் போனோம். திரும்பி வரும்போது, முனியாண்டி சக்தியுள்ள சாமிதான் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கனவும் இல்லை முனியும் இல்லை, எல்லாம் அன்று ரேடியோவில் கேட்டதுதான் என்று போட்டு உடைத்தார். அப்படியானால் அந்த டாக்டர்தான் பெரிய ஆள் என்று எனக்குத் தோன்றியது. அவர் வேறு என்னென்ன சொன்னார் என்று கேட்டேன்.

"எங்க பாப்பா கேட்டேன்? மனசு ஒடஞ்சவங்கள ஓடவிட்டுப் பாத்தாங்க, அதுல பல பேருக்குன்னு ஆரம்பிச்சாரு. அதுக்குள்ள தாப்பா ரோட்டு வளைவு வந்துருச்சு. ரேடியோ கர்ர்ருன்னு போயிருச்சு. பல பேருக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாதுலா."

எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. கைதட்டிச் சிரித்தேன். மாமாவும் சிரித்துக்கொண்டே லோரியை ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக் கவிழ்ந்துகொண்டார். தோள்கள் குலுங்கின. இன்னும் சிரிக்கிறார் என்று நினைத்து, நானும் அவரோடு சேர்ந்து வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.